கைரேகைச் சட்டமும் ரேடியோ பாஸ்போர்ட்டும்

பாஸ்போர்ட் புஸ்தகத்திற்குள் இப்போது ஒரு சில்லும் ஒரு கம்பிச் சுருளும் வைத்துக் கொடுக்கிறார்கள். 2024 ஏப்ரல் 1-ந் தேதி பரீட்சையாக ஆரம்பித்த ஏற்பாடு 2025-ல் நாடெங்கும் பரவிவிட்டது. போலியை ஒழிக்க வந்த சாதனம் என்பதாகச் சர்க்கார் சொல்லுகின்றது. சில்லில் சர்க்காரின் மின் கையொப்பம் இருப்பதால், விவரத்தைத் திருத்தினால் அகப்பட்டுக்கொள்ளும் என்பது மெய்தான். விஞ்ஞானத்திற்கு நாம் விரோதிகளுமல்ல. ஆனால் திருத்த முடியாது என்பதாலேயே திருடவும் முடியாது என்றாகிவிடுமா?

இந்தச் சில்லுக்கு பாட்டரி கிடையாது. பக்கத்தில் வரும் கருவியின் ரேடியோ அலையே அதை எழுப்பிப் பேச வைக்கிறது. சாவி இல்லாமல் பேசாதே என்கிறார்கள். அந்தச் சாவிதான் எது? உலக ஏற்பாட்டின்படி பாஸ்போர்ட் நம்பர், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஆகிய மூன்றிலிருந்து செய்வது. மூன்றும் அதே புஸ்தகத்தில் அச்சாகியிருக்கின்றன! மதுரைப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் பிழைக்கப் போகும் தோழர் அந்த ஏட்டின் நகலை எத்தனை பேரிடம் கொடுக்கிறார்? ஏஜெண்டு, லாட்ஜ்காரர், நகல் கடைக்காரர், போன இடத்து முதலாளி! இதற்குப் பெயர் பூட்டாம்.

சாவியில்லாமலும் காரியம் நடக்கும். ஒரு தடவை ஒட்டுக்கேட்ட பேச்சைத் திருப்பியனுப்பினால் அந்தப் பாஸ்போர்ட் மாத்திரம் வேறுவிதமாகப் பதில் சொல்லுகிறது என்று பர்மிங்காம் சர்வகலாசாலையைச் சேர்ந்த சோத்தியாவும் ஸ்மிர்னோவும் 2010-ல் காட்டினார்கள். பெயர் தெரியாவிட்டாலும் 'அன்று வந்தவனே இவன்' என்பது தெரிந்துவிடும். ஒற்றனுக்கு வேறென்ன வேண்டும்? மிகவும் கிட்டத்தில் வந்தால்தானே என்பார்கள். மாட்டுத்தாவணி பஸ்ஸிலும் சித்திரைத் திருவிழா நெரிசலிலும் கிட்டத்தில் நில்லாதவர் யார்?

மதுரைச் சீமைக்குச் சீட்டின் யோக்கியதை தெரியாததல்ல. 1911-ம் வருஷத்துக் குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ் பிறமலைக் கள்ளர்களிடம் கைரேகை வாங்கினார்கள். மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ந் தேதி மாயக்காள் உட்பட 16 பேரைச் சுட்டுக்கொன்றார்கள். வெளியூர் போக ராதாரிச் சீட்டு, இரவில் போலீஸ் காவலில் படுக்கை! சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் அச்சட்டம் ஒழிந்தது. அந்தச் சீட்டையாவது மடியிலிருந்து எடுத்து நீட்ட வேண்டியிருந்தது. கேட்டவன் முகமும் தெரிந்தது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 2023-ம் வருஷத்துத் தகவல் பாதுகாப்புச் சட்டமோ, சர்க்கார் தன் இலாகாக்களுக்கு விலக்களித்துக்கொள்ள இடம் வைத்திருக்கிறது. வேலி யாருக்கு, மேய்ச்சல் யாருக்கு என்று கேட்கின்றோம்.

அமெரிக்க பாஸ்போர்ட் அட்டையில் அலையைத் தடுக்க உலோகம் வைத்திருக்கிறார்கள். நம்மவர் பாஸ்போர்ட்டை லாட்ஜிலும் கடையிலும் நகலெடுப்பதையாவது தடுக்கக்கூடாதா? சில்லில் என்ன இருக்கிறது, அதை யார் யார் படிக்கலாம் என்பதை உடையவருக்குத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கக்கூடாதா? பாஸ்போர்ட்டில் அச்சாகியிருப்பது இந்தியும் இங்கிலீஷும்தான்.