குருவி எப்ப வந்துச்சுன்னு எழுதி வைப்போம்



ஐப்பசி மாதம் நம்ம ஊர் கரண்டு கம்பியில் வரிசையாக வந்து உட்காருமே, வால் ரெண்டாகப் பிரிந்த சின்னக் குருவி, அதற்குப் பேர் தகைவிலான். களத்துமேட்டில் வாலை ஆட்டிக்கிட்டே ஓடுறது வாலாட்டி. வயல் சேற்றிலும் உப்பளத்திலும் கூட்டமா மேயறது உள்ளான். பங்குனி, சித்திரை வந்தால் இவை காணாமல் போயிடும். எங்கே போகுது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கோம்?

உள்ளானில் கொசு உள்ளான் என்று ஒரு வகை இருக்கிறது. எடை சுமார் 25 கிராம்தான். அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிற இடம் வடதுருவத்தை ஒட்டிய சைபீரியா பக்கம். அங்கே பனி மூடினால் தின்னப் புழு பூச்சி கிடைக்காது. அதனால் பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து நம்ம சேற்றுக்கு வருகிறது. உள்ளங்கையில் அடங்குகிற உயிர் இவ்வளவு தூரம் வருவது எனக்கு ரொம்ப ஆச்சரியம்.

இதெல்லாம் எப்படிக் கண்டுபிடிச்சாங்க? முதலில் ஒழுங்காகச் செய்தவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். டென்மார்க் நாட்டில் மார்ட்டென்சன் என்பவர் 1899-ல் மைனா இனத்துப் பறவைகளின் காலில் எண் போட்ட அலுமினிய வளையம் மாட்டிப் பறக்கவிட்டார். பறவையை மறுபடி யார் எங்கே பார்த்தாலும் எண்ணை வைத்து அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளலாம். 1911 மே மாதம் இங்கிலாந்தில் ஒருவர் தன் வீட்டில் கூடு கட்டிய தகைவிலானுக்கு வளையம் போட்டார். 1912 டிசம்பரில் அதே குருவி தென்னாப்பிரிக்காவில் நடால் பகுதியில் ஒரு பண்ணை வீட்டில் பிடிபட்டது. அங்கே இருந்தவர்கள் வளையத்தைப் பார்த்துக் கடிதம் போட்டதால்தான் விஷயம் வெளியே தெரிந்தது. கடிதம் போடாமல் இருந்திருந்தால்? இதைத்தான் நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருகிறேன். வளையம் மாட்டுவது பாதி வேலை. மீதிப் பாதி, அதைக் கண்டெடுக்கிறவர் கையில் இருக்கிறது.

நம்ம நாட்டிலும் இந்த வேலை நடந்தது. பறவை அறிஞர் சலீம் அலி வழிகாட்டி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959-ல் இதைப் பெரிய அளவில் தொடங்கியது. நம்ம மாவட்டத்துக் கோடியக்கரையில் பல வருஷமா வளையம் போட்டிருக்கிறார்கள். கோடியக்கரை 1967-ல் சரணாலயம் ஆனது. 2002-ல் உலக அளவில் முக்கியமான ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. வளையத்தில் ஒரு எண்ணும், கழகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு வரியும் இருக்கும். அது குருவியின் காலில் இருக்கிற விலாசம் மாதிரி.

ஆனால் நம்ம பக்கத்தில் என்ன நடக்கிறது? கண்ணி வைத்தும் வலை போட்டும் உள்ளானைப் பிடித்து, கட்டுக் கட்டா விற்கிறார்கள். காலில் வளையம் இருந்தால், எதுக்கு வம்பு என்று கழற்றி வாய்க்காலில் வீசிவிடுகிறார்கள். சைபீரியாவிலிருந்து வந்த சேதி வாய்க்காலோடு போய்விடுகிறது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பறவை வேட்டை குற்றம். ஆனாலும் சட்டத்தைக் காட்டி மிரட்டினால் மட்டும் போதாது என்பது என் கருத்து. சலீம் அலியே சின்னப் பையனாக இருந்தபோது துப்பாக்கியால் குருவி சுட்டவர்தான். சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்ததைப் பார்த்து, இது என்ன குருவி என்று கேட்கப் போனார். அந்தக் கேள்விதான் அவரைப் பறவை அறிஞர் ஆக்கியது. அதனால பிடிக்கிறவங்களைத் திட்டுறதை விட, இது எங்கிருந்து வருதுன்னு சொல்றது நல்லது.

நாகாலாந்தில் அப்படித்தான் நடந்தது. 2012-ல் அங்கே தோயாங் அணைப் பக்கம் அமூர் வல்லூறு என்ற சின்ன வல்லூறுகளை ஆயிரக்கணக்கில் வலை போட்டுப் பிடித்த செய்தி வெளியானது. அதற்கு அடுத்த வருஷமே ஊர்க்காரர்கள் கூடிப் பேசி வேட்டையை நிறுத்தினார்கள். 2013 நவம்பரில் மூன்று பறவைகளுக்கு 5 கிராம் எடையுள்ள செயற்கைக்கோள் கருவி மாட்டி நாகா, வோக்கா, பாங்தி என்று பேர் வைத்தார்கள். பாங்தி என்பது வேட்டை நடந்த ஊரின் பேர். அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா போகும் பறவை என்று தெரிந்ததும், நேற்று வலை வைத்த ஊரே காவல் காத்தது.

சிலர் கேட்கலாம், "இத்தனூண்டு குருவிக்கு வளையமும் கருவியும் மாட்டுறது பாவம் இல்லையா?" என்று. நியாயமான கேள்விதான். அதனால்தான் பழகினவங்க மட்டும் இதைச் செய்யணும். மாட்டுகிற பொருள் பறவையின் எடையில் சுமார் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 25 கிராம் உள்ளானுக்கு முக்கால் கிராம்தான். அவ்வளவு லேசான கருவியும் உண்டு. அது வெளிச்சத்தையும் நேரத்தையும் மட்டும் பதிந்து வைக்கும். சூரியன் உதித்த நேரம், மறைந்த நேரம் இரண்டையும் வைத்துப் பறவை இருந்த இடத்தை ஓரளவு கணக்குப் போடலாம். நாம புவியியலில் படிக்கிற அட்சரேகை, தீர்க்கரேகைதான் இது. ஆனால் அந்தப் பதிவைப் படிக்கணும்னா அதே பறவையை மறுபடியும் பிடித்தாகணும். அது கண்ணியில் செத்துப்போனால் எல்லாம் வீண்.

நமக்கு வளையமும் வேண்டாம், கருவியும் வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, இடம், பறவை, எத்தனை, பார்த்தவர் பேர் என்று ஐந்து கட்டம் போட்டு அறிவியல் ஆசிரியரிடம் வைக்கலாம். முதல் தகைவிலான் எந்தத் தேதியில் வந்தது, கடைசி வாலாட்டி எப்போது போனது என்று எழுதணும். பார்க்கப் போய் ஒன்றும் இல்லை என்றால் அதையும் எழுதணும். "முன்னெல்லாம் நிறைய வரும்" என்று தாத்தா சொல்றாங்க. எத்தனை என்று கேட்டால் யாரிடமும் கணக்கு இல்லை. இன்று நாம் எழுதினால், பத்து வருஷம் கழித்துப் படிக்கிற பிள்ளைங்க கூடிச்சா குறைஞ்சுதா என்று சொல்ல முடியும். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஆசிரியர் உதவியோடு நம்ம கணக்கையும் அதற்கு அனுப்பலாம்.

என் கோரிக்கை மூன்று. ஒன்று, வீட்டில் உள்ளான் வாங்க வேண்டாம் என்று நாமே சொல்லணும். வாங்க ஆள் இல்லை என்றால் பிடிக்கவும் மாட்டார்கள். இரண்டு, செத்த பறவையின் காலில் வளையம் கிடைத்தால் வீசாதீர்கள். எண், தேதி, இடம் எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள். உயிரோடு இருந்தால் வளையத்தைக் கழற்றாமல் விட்டுவிடுங்கள். மூன்று, தலைமையாசிரியர் அவர்கள் அந்த நோட்டுக்கு அனுமதி தர வேண்டும். வகுப்புக்கு இரண்டு பேர் முறை வைத்து எழுத நாங்கள் தயார்.

– 9-ஆம் வகுப்பு மாணவி