மேக்ரோவைக் கைவிடச் சொல்வது தீர்வல்ல

மேக்ரோ உள்ள எக்ஸெல் கோப்பு சிதைந்தால், எக்ஸெல்லின் பழுதுபார்க்கும் வசதியையே நம்ப வேண்டும், அது மேக்ரோவை நீக்கிவிட்டால் புதிதாக எழுதிக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். இதை ஏற்க முடியாது. அந்த வசதியின் நோக்கம் கோப்பை எப்படியாவது திறப்பது. படிக்க முடியாத பகுதியை அது வெட்டியெறியும். அப்படித் திறந்ததை அதே பெயரில் சேமித்தால், மீட்டிருக்கக்கூடிய மேக்ரோ நிரலும் போய்விடும். எனவே முதல் வேலை, மூலக்கோப்பை நகலெடுப்பது.

எக்ஸெல் 2007 கொண்டுவந்த எக்ஸ்எல்எஸ்எம் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் தொகுப்பு. தாள்கள் தனித்தனி எக்ஸ்எம்எல் கோப்புகள், மேக்ரோக்கள் ‘விபிஏபிராஜெக்ட்.பின்’ என்ற வேறொரு கோப்பில் இருக்கின்றன. தாள் கெட்டதால் நிரலும் கெட்டிருக்க வேண்டியதில்லை. அந்த மேக்ரோ கோப்புக்குள்ளும் நிரலின் மூல வரிகள் சுருக்கப்பட்டு ஓரிடத்திலும், எக்ஸெல் தொகுத்துவைத்த வடிவம் வேறிடத்திலும் உள்ளன. பின்னது மட்டும் பழுதென்றால், ‘ஓலிவிபிஏ’ போன்ற கருவியால் வரிகளை உரையாக எடுத்துப் புதிய கோப்பில் சேர்க்கலாம். பயனர் படிவங்களின் வடிவமைப்பு இவ்வழியில் மீளாது என்பது மெய்தான். ஆனால் கணக்கின் தர்க்கம், அதாவது எழுத நாளெடுத்த பகுதி, மீள்கிறது.

மேக்ரோ ஆபத்தானது, மைக்ரோசாஃப்டே 2022-இல் இணையத்திலிருந்து வரும் மேக்ரோக்களை இயல்பாகத் தடுக்கத் தொடங்கியதே என்பது அடுத்த வாதம். ஓடும் நிரலால்தான் அந்த ஆபத்து. உரையாக எடுத்த நிரல் ஓடுவதில்லை. வரிவரியாகப் படித்துச் சோதித்த பிறகே அதை இயக்கலாம்.