தலைப்பிரட்டையை எங்கிருந்து எடுப்பது?

நண்பர்களே, ஐப்பசி மழை பிடித்ததும் நம்ம பள்ளியில் பாதிப் பேர் கையில் ஒரு பாட்டில் இருக்கும். உள்ளே கருகருவென்று வாலை ஆட்டிக்கொண்டு தலைப்பிரட்டைகள். "பாவம், விட்டுடு" என்று ஒரு கட்சி. "வளர்த்துப் பார்த்தாத்தான் பாடம் புரியும்" என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஏரியிலிருந்து எடுக்கக் கூடாது, லாரித் தடத்திலிருந்துதான் எடுக்கணும்.

காரணம் சொல்றேன். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி போகும் மண் பாதைகளில் டயர் பதிந்த பள்ளமெல்லாம் மழைத் தண்ணி நிற்கும். பெரம்பலூர் பக்கம் பருத்தி, மக்காச்சோளக் காட்டு வண்டித்தடமும் அப்படித்தான். கரிசல் மண் தண்ணியைச் சில நாள் பிடித்து வைக்கும். அதை நம்பித் தேரை முட்டை போட்டுவிடும். கண்ணாடி நூலில் கருப்பு மணி கோத்த மாதிரி நீளமாக இருந்தால் அது தேரை முட்டை. பொரிந்து, கால் முளைத்து, கரையேற ஒரு மாதம் பக்கம் ஆகும். நடுவில் நாலு நாள் வெயில் அடித்தால் போச்சு, அத்தனையும் சேற்றோடு ஒட்டிக் காய்ந்துவிடும். ஏரியில் இருப்பதற்கு நம்ம உதவி தேவையே இல்லை. அங்கே அது மீனுக்கும் கொக்குக்கும் தீனி. கரைவெட்டிக்குப் பறவைகள் சும்மாவா வருது?

எடுப்பதும் பத்துக்கு மேல் வேண்டாம். பாட்டிலும் வேண்டாம், வாயகன்ற பேசின் போதும். பள்ளத்துத் தண்ணியே நல்லது. குழாய்த் தண்ணி என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுங்கள். வேகவைத்த கீரை ஒரு சிட்டிகை போதும், மிஞ்சினால் தண்ணி நாறும். முதலில் பின்கால் வரும், பிறகு முன்கால். முன்கால் வந்ததும் அது சாப்பிடாது, தன் வாலையே கரைத்து அதில் பிழைக்கும். அப்போது ஏறி உட்கார ஒரு கல் கட்டாயம் வேணும். இல்லாவிட்டால் தண்ணியில் பிறந்த பிராணி தண்ணியிலேயே மூழ்கிச் சாகும்!

வெளிநாட்டுப் பிள்ளைகள் நியூட் குஞ்சு வளர்க்கிறார்கள். நம்ம நாட்டில் அது டார்ஜிலிங் பக்க மலைக்குட்டைகளில் உண்டு, தமிழ்நாட்டில் கிடையாது. அதற்குத் தலைகீழாக முன்கால்தான் முதலில் முளைக்கும், வால் கடைசிவரை போகாது. நமக்கு அது இல்லையே என்று நான் வருத்தப்படவில்லை. வால் மறைவதைப் பார்க்கிற அதிசயம் நம்ம தேரையிடம்தானே இருக்கு?

பெரிய தவளையின் தலைப்பிரட்டையை மட்டும் இதோடு கலக்காதீர்கள். அது மாமிசம் தின்னும், சின்னதுகளை ஒரே ராத்திரியில் காலி பண்ணிடும். கொசுப்புழுவையும் தின்னும் என்பதால் அது வயலில் இருப்பதே நமக்கு லாபம். தவளைக்கால் ஏற்றுமதியை 1987-ல் அரசு தடை செய்ததற்கு வயல் பூச்சிகளும் ஒரு காரணம்.

கொசு என்றதும் ஞாபகம் வருது. டெங்கு வேலைக்கு வருகிற அக்காக்கள் பேசினைப் பார்த்தால் கவிழ்த்துவிடுவார்கள். அவர்கள் மேல் கோபப்படுவதில் நியாயமில்லை. தேரைத் தலைப்பிரட்டை பாசியும் கீரையும் தின்கிற சாது, அதை நம்பி வீட்டில் தண்ணியைத் திறந்து வைக்க முடியாது. கொசுவலைத் துணியை இழுத்துக் கட்டுங்கள், நெளிகிற புழுவை வடிகட்டி எடுங்கள். அவர்கள் வரும்போது நீங்களே திறந்து காட்டுங்கள்.

வால் மறைந்ததும் ஒரு நாள்கூட வைத்திருக்க வேண்டாம். விரல்நகம் அளவுத் தேரைக்குத் தீனி பிடித்துப் போட நம்மால் ஆகாது. எடுத்த பள்ளம் காய்ந்திருந்தால், அதே ஊர்க் குட்டைக்கரையில் சாயங்காலமாக ஈரப்புல்லில் விடுங்கள். வேறு ஊர் ஏரிக்குத் தூக்கிப் போகாதீர்கள், தண்ணியோடு நோயும் கூடவே போகும்.

— ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு