கண் ஒரு காமிராவா?



"கண் ஒரு காமிராவைப் போன்றது" என்று படித்திருப்பீர்கள். இரண்டிலும் லென்ஸ் உண்டு. இரண்டிலும் பிம்பம் தலைகீழாக விழுகிறது. இதுவரை ஒப்புமை சரியே. ஆனால் பாடத்தை அத்துடன் முடித்துவிடக் கூடாது என்பது என் கருத்து. ஏன் என்பதை நீங்களே சோதித்துப் பாருங்கள்.

காமிராவை ஆட்டிக்கொண்டே படம் பிடித்தால் படம் கலங்கிவிடும். நம் கண்ணோ விநாடிக்கு ஏறத்தாழ 3 முறை தாவுகிறது. இந்த வரியைப் படிக்கும்போதும் தாவிக்கொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு தாவலிலும் விழித்திரையில் பிம்பம் முழுவதும் நகர்கிறது. ஆயினும் புத்தகம் ஆடுவதாகத் தோன்றுவதில்லை!

இப்போது ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். திறந்த கண்ணின் வெளி ஓரத்தில், இமையின் மேலாக, சுத்தமான விரலால் மிக லேசாகத் தட்டுங்கள். (கண்ணில் நோய் உள்ளவர்கள் செய்ய வேண்டாம்.) அறையே அசைகிறது அல்லவா?

இரண்டு முறையும் பிம்பம் நகர்ந்தது. பின் ஏன் இந்த வேறுபாடு? ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு விளக்கம் தந்தார். கண்ணைத் திருப்ப நாம் எடுக்கும் முயற்சியை மூளை கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. விரல் தட்டும்போது அந்த முயற்சி இல்லை. ஆகவே உலகமே நகர்ந்ததாக முடிவு செய்கிறது. 1950இல் ஹோல்ஸ்ட், மிட்டல்ஸ்டேட் ஆகிய இருவரும், அமெரிக்காவில் ஸ்பெர்ரியும், தசைக்குச் செல்லும் கட்டளையின் நகல் ஒன்று மூளைக்குள்ளேயே அனுப்பப்படுகிறது என்ற கருத்தைத் தனித்தனியே வெளியிட்டனர். தாவும் கணத்தில் பார்வை சற்று மங்குவதும் உதவுகிறது.

இன்னொன்று. ஓடும் ரயிலில் சன்னலோரம் அமர்ந்து, நடுத்தூரத்து மரம் ஒன்றையே உற்றுப் பாருங்கள். அதற்கு இப்பால் உள்ள மின்கம்பங்கள் பின்னோக்கி ஓடும். அப்பால் உள்ள குன்று உங்களுடனே வரும். மரத்தை விடாமல் பார்க்கக் கண் மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கிறது. எது அருகில், எது தொலைவில் என்று கணிக்க அந்தத் திரும்பலும் மூளைக்குப் பயன்படுகிறது. குரங்குகளின் மூளையில், அசைவை உணரும் பகுதியிலுள்ள நரம்பணுக்கள் பிம்பத்தின் நகர்வோடு கண்ணசைவுச் செய்தியையும் சேர்த்தே தூரத்தைக் குறிக்கின்றன என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆக, கண்ணசைவு பார்வைக்கு இடையூறு அன்று. அதுவும் ஒரு செய்தி. காமிராவில் பிம்பம் விழுந்ததும் வேலை முடிகிறது. நமக்கோ அங்கேதான் வேலை தொடங்குகிறது.

பள்ளி வகுப்பில் இவ்வளவும் தேவையா என்று சிலர் கேட்கலாம். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு விரல் போதும். பாடத்தின் ஒப்புமை எந்த இடத்தில் பொருந்தாமல் போகிறது என்று தேடுங்கள். அறிவியல் கற்பதில் அது முக்கியமான பகுதி. அடுத்த முறை கண் பாடம் நடக்கும்போது இச்சோதனையைச் செய்து காட்டி, உங்கள் ஆசிரியரிடம் கேள்வி கேளுங்கள்!