‘நல்ல பிளேயரா?’ என்ற கேள்வி போதாது: ஜாரெட் காஃப் விஷயத்தில் எண்கள் சொல்வது என்ன?

2021 ஜனவரியில் அமெரிக்கன் ஃபுட்பாலில் (பந்தைக் கையில் பிடித்து ஓடும், எறியும் ஆட்டம்) ஒரு பெரிய பரிமாற்றம் முடிவானது. லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி தன் குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃபை டெட்ராய்ட் லயன்ஸுக்குக் கொடுத்து, மேத்யூ ஸ்டாஃபோர்டை வாங்கியது. காஃப் மட்டும் போதவில்லை. டிராஃப்ட்டில் இரண்டு முதல் சுற்று வாய்ப்புகளையும் ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2016 டிராஃப்ட்டின் முதல் வீரருக்கு இந்த நிலை! ‘அவ்ளோதான், முடிஞ்சுது’ என்றே பலரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. 2024 ஜனவரியில் அதே ராம்ஸை 24-23 என வீழ்த்தி, 32 ஆண்டுகளில் லயன்ஸின் முதல் பிளேஆஃப் வெற்றியைக் காஃப் பெற்றுத் தந்தார். அந்த ஆண்டே 4 ஆண்டுகளுக்கு 21.2 கோடி டாலர் ஒப்பந்தம். அடுத்த சீசனில் 17 போட்டிகளில் 15 வெற்றி.

எப்படி அளக்கிறார்கள்?

இந்த ஆட்டத்தில் 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்புகள் உண்டு. மூன்றாவது வாய்ப்பில் 3 யார்டு தேவைப்படும்போது 4 யார்டு எடுத்தால் பெரிய லாபம். 10 யார்டு தேவைப்படும்போது அதே 4 யார்டு எடுத்தால் கிட்டத்தட்ட வீண். பழைய புள்ளிவிவரத்தில் இரண்டுமே வெறும் ‘4 யார்டு’தான். ‘ஈ.பி.ஏ.’ என்ற அளவீடு, ஒவ்வொரு நகர்வும் அணி எடுக்கக்கூடிய புள்ளியை எவ்வளவு கூட்டியது, குறைத்தது என்று கணக்கிடுகிறது.

சிக்கல் எங்கே?

அந்த எண் குவார்ட்டர்பேக்கின் பெயரில் எழுதப்பட்டாலும், அது 11 பேரின் உழைப்பு. முன்னால் நின்று காக்கும் ஐந்து பேர் சொதப்பினால் அவருடைய எண்ணும் சரியும். அதனால் சராசரியை மட்டும் பார்க்காமல், பிரித்துப் பார்க்க வேண்டும். எதிரணி நெருக்கும்போது எப்படி? ஓடுவதுபோல் ஏமாற்றிவிட்டு எறியும் ‘ப்ளே ஆக்‌ஷ’னில் எப்படி?

காஃபின் விஷயத்தில் விடை தெளிவு. நல்ல பாதுகாப்பு இருந்தால் துல்லியமாக எறிவார், நெருக்கினால் தடுமாறுவார். லயன்ஸ் வலுவான தடுப்பு வரிசையை அமைத்தது. பயிற்சியாளர் பென் ஜான்சன் ப்ளே ஆக்‌ஷனை நிறைய பயன்படுத்தினார். காஃப் புது ஆளாக மாறிவிடவில்லை, அவருக்குத் தோதான ஆட்டமுறை அமைந்தது.

அப்போ ராம்ஸ் ஏமாந்ததா? அதுவும் இல்லை. ஸ்டாஃபோர்டுடன் முதல் சீசனிலேயே சூப்பர் பவுல் வென்றார்கள். ஒரே பரிமாற்றத்தில் இரு அணிகளுக்கும் லாபம்!

வீரர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்தும் பட்டியல்களால் இதை விளக்க முடியாது. எண்கள் ஒரு வீரர் பழைய அணியில் செய்ததைத்தான் சொல்லும். புது அணியில் யார் அவரைக் காப்பார்கள், எந்த ஆட்டமுறையில் ஆடுவார் என்பதைப் பார்க்காமல் கோடிகளைக் கொட்டினால், பணத்தோடு ஒரு வீரரின் சில நல்ல ஆண்டுகளும் வீணாகும்.