ஸ்டியரிங் பிடிப்பவனுக்கு ஏழு காகிதம், கமிஷன் பிடிப்பவனுக்கு?



செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குச் சவாரி ஓட்டும் தோழர் ஒருவரின் கார்ப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஓட்டுநர் உரிமம் இருக்கும். ஆர்.சி. இருக்கும். பர்மிட் இருக்கும். எஃப்.சி. இருக்கும். இன்சூரன்ஸ் இருக்கும். வரி கட்டிய ரசீது இருக்கும். புகைச் சான்று இருக்கும். ஏழு காகிதங்கள்! ஒன்று குறைந்தாலும் பூஞ்சேரிக் கூட்டுச் சாலையில் விசில் ஊதும், வண்டி ஓரங்கட்டும், அன்றைய கூலி அந்த இடத்திலேயே கரையும். கைப்பேசியிலே காட்டினாலும் போதும் என்று இப்போது ஒரு சலுகை. காகிதம் கைப்பேசிக்குள் போனாலும் கணக்கு ஏழுதான்!

இவையெல்லாம் எதற்கு என்று சீறும் கூட்டமல்ல நாம். வேண்டும்! பிள்ளை குட்டியோடு ஒரு குடும்பம், முன்பின் அறியாத ஒருவரை நம்பி, நள்ளிரவில் மீனம்பாக்கத்திலிருந்து கடற்கரைச் சாலையில் பயணம் செய்கிறது. அந்த நம்பிக்கைக்கு ஈடு காட்டத்தான் வேண்டும். நாம் கேட்பது வேறு கேள்வி. அந்தக் குடும்பத்தை அந்தத் தோழரின் வண்டியில் ஏற்றி அனுப்பினாரே, அனுப்பிய கையோடு கமிஷனும் எடுத்துக் கொண்டாரே ஒரு கனவான், அவரிடம் எத்தனை காகிதம் கேட்டார்கள்?

அதற்கு முன், நம் தோழர்கள் பலர் அரைகுறையாகக் கேள்விப்பட்டு ஆளுக்கொரு விளக்கம் சொல்லிவரும் ஒரு செய்தியைத் தெளிவாக்கி விடுவோம். 2024 நவம்பர் 6-ஆம் நாள், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். இலகு ரக வாகன உரிமம் வைத்திருப்பவர், 7,500 கிலோ எடைக்கு மேற்படாத வாடகை வண்டியையும் அதே உரிமத்தைக் கொண்டு ஓட்டலாம். அதற்கென்று தனி ஒப்புதல், அதாவது நாம் 'பேட்ஜ்' என்கிறோமே அது, தேவையில்லை என்றார்கள். 2017-லேயே மூன்று நீதிபதிகள் சொன்னதுதான். பிறகு ஏன் ஐந்து பேர் வரை போயிற்று வழக்கு? போக வைத்தவர்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள்!

ஏன் போனார்கள்? விபத்திலே கணவனைப் பறிகொடுத்த பெண் இழப்பீடு கேட்டு வாசலில் வந்து நிற்கும்போது, "ஓட்டியவனிடம் பேட்ஜ் இல்லையம்மா!" என்று சொல்லிக் கதவைச் சாத்த அது வசதியான தாழ்ப்பாள். பிரீமியம் வாங்குகிற நாளிலே பேட்ஜ் நினைவு வரவில்லை. பிணம் விழுந்த பிறகு வந்தது! பேட்ஜ் இல்லாதவர்கள் வாடகை வண்டி ஓட்டுவதால்தான் விபத்துப் பெருகுகிறது என்று வாதாடினார்கள். அதற்குக் கணக்கு எங்கே, ஆதாரம் எங்கே என்று பார்த்தது நீதிமன்றம். காட்டப்படவில்லை. நாள் முழுதும் சக்கரத்தின் பின்னால் உட்கார்ந்திருப்பவனின் பிழைப்புப் பிரச்சினை இது என்பதையும் அத்தீர்ப்பு கணக்கில் எடுத்துக் கொண்டது.

நல்ல தீர்ப்பு. ஆனால் தோழர்களே, இதைக் கேட்டுவிட்டு, "இனி எந்தக் காரை வேண்டுமானாலும் வாடகைக்கு ஓட்டலாம்" என்று கிளம்பிவிடாதீர்கள். பேட்ஜ் போயிற்று, பர்மிட் போகவில்லை! உரிமம் என்பது ஓட்டுகிறவனுக்கு. பர்மிட் என்பது வண்டிக்கு. வெள்ளைப் பலகைக் காரில் காசு வாங்கிக்கொண்டு ஆளை ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு மீறப்படுகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, முதல் குற்றத்துக்கே 10,000 ரூபாய் அபராதம். ஆறு மாதம் வரை சிறை வாசலும் திறந்திருக்கிறது. அதைவிடக் கொடுமை, விபத்து என்று வந்துவிட்டால் கம்பெனி சும்மா விடாது. செத்தவன் குடும்பத்துக்கு முதலில் கம்பெனி கொடு, பிறகு வண்டிக்காரனிடம் வசூலித்துக் கொள் என்று நீதிமன்றங்கள் உத்தரவிடுவதுண்டு. வண்டிக்காரன் யார்? வங்கிக் கடனில் கார் எடுத்து, மாதம் பிறந்தால் 'டியூ' கட்டத் திணறும் நம் ஆள்! லட்சங்களை எங்கிருந்து கொண்டுவந்து கொட்டுவான்?

மஞ்சள் பலகை வாங்கினால் செலவு. உண்மை. வரி கூடுதல், இன்சூரன்ஸ் கூடுதல், எஃப்.சி.க்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் அதற்குப் பின் ஆண்டுதோறும் வண்டியைக் கழுவிப் பூசிக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இவ்வளவும் செய்த தோழரின் வாயில் விழ வேண்டிய சோற்றை வெள்ளைப் பலகைக்காரன் தட்டிப் பறிக்கிறான். அவனும் ஏழைதான், ஆனாலும் அது அநியாயம்தான். இதை இன்னொருவன் சொல்லி நாம் கேட்டுக்கொள்வதைவிட, நமக்குள் நாமே சொல்லிக்கொள்வது மரியாதை.

இன்னொன்று. வாடகை வண்டி உரிமத்துக்கு 20 வயது நிறைய வேண்டும். எட்டாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2019-ல் நீக்கப்பட்டது. பள்ளிக்கூடம் எட்டாத வீட்டுப் பிள்ளைக்கு அது நல்ல காரியம். அதே ஆண்டில் சத்தமில்லாமல் இன்னொன்றும் நடந்தது. உரிமம் காலாவதியானாலும் 30 நாள் செல்லும் என்றிருந்த பழைய சலுகையை எடுத்துவிட்டார்கள். இன்று முடிந்தால் நாளை செல்லாது! இது தெரியாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர்?

சரி, கனவானிடம் வருவோம்.

வாடகை வண்டிக்கு ஆள் பிடித்துத் தருகிற தரகர் உரிமம் பெற வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டுச் சட்டம் தன் 93-ஆம் பிரிவில் அன்றைக்கே எழுதி வைத்தது. 'டிராவல்ஸ்' என்று பலகை மாட்டி, ஒரு மேசை, ஒரு தொலைபேசி, சுவரில் கடற்கரைக் கோயில் படம், இவ்வளவு முதலீட்டில் தொழில் நடத்தும் சீமானிடம் அந்த உரிமத்தைக் காட்டு என்று பூஞ்சேரியில் நின்று யாரேனும் விசில் ஊதிக் கேட்டிருப்பார்களா? 2019-ல் செயலிக் கம்பெனிகளையும் அதே பிரிவுக்குள் கொண்டுவந்தார்கள். 2020-லும் 2025-லும் டில்லி சர்க்கார் நெறிமுறை வெளியிட்டது. சொந்த வண்டி ஓட்டுபவருக்குக் கட்டணத்தில் 80 சதவிகிதம் போய்ச் சேர வேண்டும். 5 லட்சத்துக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, 10 லட்சத்துக்குக் குறையாத ஆயுள் காப்பீடு வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. படிக்க இனிக்கிறது! ஆனால் அது நெறிமுறை. ஓட்டுநருக்குச் சொன்னால் சட்டம், கம்பெனிக்குச் சொன்னால் நெறிமுறை! ஒருவனுக்கு அபராதச் சீட்டு, மற்றவனுக்கு அறிவுரைச் சீட்டு!

லண்டன் நகரத்தைப் பாருங்கள். வெள்ளைக்காரன் நல்லவன் என்பதற்காகச் சொல்லவில்லை. கேட்க வேண்டியவனைக் கேட்கிறான் என்பதற்காகச் சொல்கிறேன். அங்கே வாடகைக் காருக்கு 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று உரிமங்கள். ஓட்டுபவருக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, சவாரி பதிவு செய்து அனுப்பும் நிறுவனத்துக்கு ஒன்று. அந்த மூன்றாவது உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது என்று 2017-ல் ஊபர் கம்பெனிக்கே சொல்லிவிட்டது அந்நகரப் போக்குவரத்துத் துறை! உலகையே விலை பேசும் கம்பெனி, நீதிமன்றப் படியேறித் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. 2021 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இன்னொரு போடு போட்டது. "இவர்கள் எங்கள் தொழிலாளிகள் அல்லர், தனித்தனி முதலாளிகள்" என்று அளந்துகொண்டிருந்தது கம்பெனி. இல்லை, இவர்கள் தொழிலாளர்களே, குறைந்தபட்சக் கூலியும் சம்பளத்தோடு விடுமுறையும் இவர்களுக்கு உண்டு என்றது நீதிமன்றம்.

இங்கே நம் தோழருக்கு ஓய்வு நேரமாவது உண்டா? 1961-ல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று அளவு கட்டியது. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்த நிறுவனத்துக்குத்தான் அது. ஒற்றைக் கார்க்காரன் எந்தக் கணக்கிலும் வரவில்லை. பிறகு அந்தச் சட்டத்தையும் 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்தில் கரைத்தார்கள். செயலி ஓட்டுநருக்கு 2020 நெறிமுறை கட்டிய எல்லை எவ்வளவு தெரியுமா? நாளுக்கு 12 மணி! எட்டு மணி நேர வேலைக்காகத் தொழிலாளி சிந்திய இரத்தம் இன்னும் காயவில்லை. பன்னிரண்டைக் கருணை என்கிறார்கள்!

விமான நிலையத்தில் இரவு இரண்டு மணிக்கு ஆளை ஏற்றுகிறார். கோவளம், திருவிடந்தை கடந்து விடியலில் கடற்கரை விடுதியில் இறக்குகிறார். பயணி பஞ்சணையில் படுக்கிறார். ஓட்டிய தோழர் காரிலேயே கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டுக் கொசுவோடு படுக்கிறார். ஒன்பது மணிக்கு, "டிரைவர், ஐந்து ரதம் போகலாமா?" மாலையில் திரும்பவும் சென்னை. கண் சொக்கினால் குற்றம் யாருடையது? வழக்கிலே அவர் பெயர் மட்டும்தான் வரும்.

2023-ல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தியது. ஓட்டல், லாட்ஜ் கட்டுகிறவர், அங்கே நிறுத்தப்படும் ஒவ்வொரு காருக்கும் ஒரு படுக்கை வீதம் ஓட்டுநர்களுக்குத் தங்கும் இடம் தர வேண்டும். வளாகத்துக்குள் இல்லாவிட்டால் 250 மீட்டர் தொலைவுக்குள்ளாவது தர வேண்டும் என்றது. அருமையான ஆணை! தன்மானத்துக்கு முதல் மாநாடு 1929-ல் கூடிய செங்கற்பட்டு மண்ணிலே, ஓட்டுநன் தொழுவத்து மாடு போல முற்றத்தில் கிடப்பதை இனியும் சகிப்பதா? ஆணை தாளில் இருக்கிறது. படுக்கை எங்கே இருக்கிறது? முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை ஒவ்வொரு விடுதியாக ஏறிக் கேட்க வேண்டியவர்கள் உள்ளாட்சி அதிகாரிகள். அவர்கள் கேட்கவில்லையானால், கேட்டார்களா என்று நாம் கேட்கலாம்; தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் கையில் இருக்கிறது, கட்டணம் பத்து ரூபாய்.

அந்தக் கார் சொந்தமில்லாத 'ஆக்டிங் டிரைவர்' தோழர்கள் நிலை இன்னும் பரிதாபம். சீமான் வீட்டுக் காரை நாள் கூலிக்கு ஓட்டுகிறார்கள். சட்டப்படி அதில் தவறில்லை. ஆனால் அந்தக் காரின் இன்சூரன்சில் சம்பள டிரைவருக்கான பிரிவு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேட்பதே இல்லை. அதற்கான கூடுதல் தொகை பெரும்பாலும் ஆண்டுக்கு 50 ரூபாய்தான்! பல லட்ச ரூபாய்க் காருக்குச் சொந்தக்காரர் 50 ரூபாயை மிச்சப்படுத்துகிறார். சாவியை வாங்குமுன் கேளுங்கள் தோழர்களே. கேட்டால் வேலை போய்விடும் என்றால், அந்த வேலையின் விலை என்ன என்று தெரிந்துவிடும்.

கிளைக் கழகத் தோழர்களுக்கு ஒரு வேலை. கிளாம்பாக்கம் முனையத்து ஸ்டாண்டு முதல் புதுப்பட்டினம் வரை, உங்கள் கிளையிலுள்ள ஓட்டுநர் ஒவ்வொருவரின் உரிமம், எஃப்.சி., இன்சூரன்ஸ் முடியும் நாள்களை எழுதிப் படிப்பகச் சுவரில் ஒட்டுங்கள். அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதியாதவர்கள் யார், செயலியில் ஓட்டுகிறவர்களுக்காக 2023-ல் அறிவிக்கப்பட்ட தனி வாரியத்தில் பதியாதவர்கள் யார் என்று தனிப் பட்டியல் எடுங்கள். அதே சுவரில் இன்னொரு தாளும் ஒட்டுங்கள்: உங்கள் பகுதியில் சவாரி பிடித்துத் தரும் டிராவல்ஸ்காரர்களின் பெயர்கள், எதிரே, 93-ஆம் பிரிவு உரிமம் உண்டா, இல்லையா. முதல் தாளை நாம் நிரப்பிக் கொள்வோம். இரண்டாவது தாளை எடுத்துக்கொண்டு செங்கற்பட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போவோம்.