எந்த ஓடையில் மீன் மிகுதி?

மீனின் தலைக்குள் கல் இருக்கிறது என்றால், வீட்டில் கத்தாளை மீன் சமைப்பவர்கள் வியப்படைய மாட்டார்கள். பீங்கான் துண்டு போன்ற வெள்ளைக் கல் அது. செவிக்கல் எனப்படும். உட்செவியில் பக்கத்துக்கு மூன்று வீதம் இருக்கும் இக்கற்கள், மீன் ஒலியை உணரவும் உடலைச் சமநிலையில் வைத்துக்கொள்ளவும் உதவுகின்றன.

செவிக்கல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. மீன் வளர வளர அது படலம் படலமாகப் படிகிறது. நாளுக்கு ஒரு வளையம்கூட உண்டாவதை 1971-இல் பனெல்லா என்ற அறிஞர் எடுத்துக்காட்டினார். எலும்பை உடல் கரைத்து மீண்டும் கட்டும்; செவிக்கல்லை அப்படிச் செய்வதில்லை. குஞ்சுப் பருவத்தில் படிந்தது கடைசிவரை உள்ளே அப்படியே கிடக்கும்.

இனி நம் இயற்பியலுக்கு வருவோம். தனிம வரிசை அட்டவணையில் கால்சியத்துக்கு நேர் கீழே இருப்பது ஸ்ட்ரான்ஷியம் அல்லவா? இரண்டின் குணமும் ஒத்திருப்பதால், நீரிலுள்ள ஸ்ட்ரான்ஷியத்தில் சிறிதளவு கல்லில் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதன் ஐசோடோப்புகளில் 87 என்ற நிறை எண் கொண்டதில் ஒரு பகுதி, பாறையிலுள்ள ருபீடியம்-87 சிதைவதால் உண்டாவது. அச்சிதைவின் அரை ஆயுள் ஏறத்தாழ 4,900 கோடி ஆண்டு. அண்டத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுதான்! ஆகவே ருபீடியம் மிகுந்த பழம்பாறைகளில் 87-க்கும் 86-க்கும் உள்ள விகிதம் 0.72-ஐயும் தாண்டலாம், இளம் எரிமலைப் பாறைகளில் 0.704 அளவில் நிற்கும். பாறையை நனைத்து ஓடும் நீர் அந்த எண்ணைச் சுமந்து செல்கிறது. மீன் அதைக் கல்லில் பதித்துக்கொள்கிறது. லேசர் கதிரால் கல்லைச் சிறிது சிறிதாகச் சுரண்டி, நிறைமாலைமானியில் செலுத்தி அதைப் படிக்கிறார்கள்.

அமெரிக்காவின் அலாஸ்காவில் நூஷகாக் என்றோர் ஆறு உண்டு. சால்மன் மீன்கள் அதன் கிளை ஓடைகளில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடத் திரும்பி வருகின்றன. கழிமுகத்தில் பிடிபடும் மீன் எந்த ஓடையில் பிறந்தது? ஷான் பிரென்னனும் அவருடைய குழுவினரும் செவிக்கல்லிடம் கேட்டார்கள். கல்லின் நட்டநடுவில் கடலின் சாயல் தெரியும். தாய்மீன் கடலில் உண்டு சேர்த்த கருவுணவின் அடையாளம் அது. அதற்கு வெளியே பிறந்த ஓடையின் எண். கடைசியில் மீண்டும் கடலின் 0.709.

ஆனால் எந்த எண் எந்த ஓடைக்குரியது என்று முதலில் தெரிய வேண்டுமே! அதற்காக அவர்கள் ஓடை ஓடையாக நீர் எடுத்தார்கள். இடம்பெயராத சிறு மீன்களின் செவிக்கல்லையும் அளந்தார்கள். இத்தகைய வேலையை யாரும் புகழ்வதில்லை. என்னைக் கேட்டால் ஆராய்ச்சியில் பாதி இதுதான். ஒரே வகைப் பாறைமேல் ஓடும் இரண்டு ஓடைகளைக் கல்லால் பிரித்தறிய முடியாது என்பதையும் மறக்கக்கூடாது.

2011, 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் பிடித்த மீன்களை ஆராய்ந்து 2019-இல் முடிவை வெளியிட்டனர். ஓர் ஆண்டில் மிகுதியான மீனைத் தந்த பகுதி மற்றோர் ஆண்டில் அவ்வாறு தரவில்லை. வளம் ஆற்றுப்படுகை முழுவதும் இடம் மாறிக்கொண்டே இருந்தது.

"மீன் மிகுந்த ஓடையைக் காப்போம், மற்றதை வேறு பயனுக்கு விடுவோம்" என்பவர்கள் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நான் இதை ஏற்கவில்லை. தனி ஊசலின் 20 அலைவுகளைக்கூட ஒரு தடவை அளந்து நீங்கள் விட்டுவிடுவதில்லை. அங்கே கருவியிலோ கண்ணிலோ பிழை இருக்கலாம் என்பதால் திரும்ப அளக்கிறோம். இங்கோ அளக்கப்படும் பொருளே ஆண்டுக்காண்டு மாறுகிறது. மூன்று ஆண்டுகள்கூட எனக்குக் குறைவாகவே படுகிறது.

அந்த ஆற்றின் தலைப்பகுதியில் பெப்பிள் என்ற பெருஞ்சுரங்கம் தோண்டத் திட்டமிட்டார்கள். செம்பும் தங்கமும் மாலிப்டினமும் அங்கே உள்ளன. மின்னோட்டம் கற்பிக்கும் நான் செம்பே வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் மீன் பிடிப்பில் அளவிடத்தக்க பாதிப்பு இராது என்று 2020-இல் வெளியான அரசின் சுற்றுச்சூழல் அறிக்கை கூறியபோது, ஓடைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மதிப்பிடும் அந்தப் பழக்கமே அதிலும் இருந்ததாக எனக்குத் தோன்றுகிறது. 2023 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அங்குள்ள சில ஓடைகளில் சுரங்கக் கழிவைக் கொட்டத் தடை விதித்தது. 2024-இல் அதை எதிர்த்துச் சுரங்கத் தரப்பு நீதிமன்றம் சென்றது. அந்த ஓடைகளில் மீன் குறைவு என்று அங்கு யாரேனும் வாதிட்டால், எந்தெந்த ஆண்டுகளில் எண்ணினீர்கள் என்று நீதிபதி கேட்பார் என நம்புகிறேன்.